விசாரணைக் குழு போடாதீர்கள்: ஆலய நிர்வாகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்து டவுன் ஆலயத்தின் புதிய செயலாளர் எனக்குப் போன் செய்தார். முப்பது வயதுகூட ஆகாத தம்பி. "அண்ணே, ஒரு பெரிய ஆள் மேல புகார் வந்திருக்கு. பிள்ளை விவகாரம். நாங்க மூடி மறைக்கல. அஞ்சு பேர் விசாரணைக் குழு போட்டாச்சு. முதல் தடவை கேட்டும் ஆச்சு. இன்னிக்குச் சாயந்தரம் திரும்பவும் மண்டபத்துக்கு வரச் சொல்லியிருக்கோம்" என்றார்.

நல்லது செய்கிறோம் என்ற நிம்மதி அவர் குரலில் இருந்தது. எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. 2009-ல் நானும் ஐந்து பேரை உட்கார வைத்து இதையேதான் செய்தேன்.

மலேசியாவில், சுங்கைப் பட்டாணியைச் சுற்றியுள்ள தோட்டப்புற டவுன் ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேல் ஆலய நிர்வாகத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் இருந்திருக்கிறேன். இப்போது, பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளான குடும்பங்களுடன் போலீஸ் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் துணைக்குப் போய் வருகிறேன். பிள்ளையைத் திட்டாதே, வாட்ஸாப் குழுவில் பெயர் போடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. நல்ல மனதுள்ளவர்கள், சரியானதைச் செய்கிறோம் என்று நம்பியே செய்யும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நாமே விசாரிப்பது

2009-ல் புகார் வந்தது எங்கள் ஆலயத் தலைவர் மேல். டவுனில் பாதிப் பேருக்கு அவரால்தான் வேலை. தோட்டங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் குத்தகை அவருடையது. பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு 14 வயது. அவளுடைய அம்மா அவரிடம்தான் மருந்து அடிக்கும் வேலை பார்த்தார். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், "இரண்டு பக்கமும் கேட்போம்" என்று முடிவு செய்தோம்.

மூன்று முறை உட்கார்ந்தோம். முதல் முறை அந்தப் பிள்ளை அழாமல் சொன்னாள். இரண்டாவது முறை தலைவரும் வந்தார். "என் மேலதானே புகார், நான் கேட்க வேண்டாமா?" என்றார். எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. எப்போதும் உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். பிள்ளை அவருக்கு எதிரே நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். மூன்றாவது முறை அவளைப் பேசவிடாமல் அவளுடைய அம்மா முந்திக்கொண்டு, "விட்டுடுங்க, எங்களுக்கு வேற வழி இல்ல" என்றார். நான் மினிட்ஸ் புத்தகத்தில் "பேசித் தீர்க்கப்பட்டது" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கினேன்.

மூன்று வாரம் கழித்துப் பட்டர்வொர்த்திலிருந்து அவளுடைய மாமா வந்து போலீஸ் ரிப்போர்ட் செய்ய வைத்தார். அப்போதுதான் என் மினிட்ஸ் புத்தகம் வேலையைக் காட்டியது. முதல் நாள் அவள் "தீபாவளிக்கு முந்தின வாரம்" என்று சொல்லியிருந்தாள். நான் காலண்டரைப் பார்த்து "அக்டோபர் 10" என்று எழுதியிருந்தேன். அடுத்த முறை "பள்ளி லீவுக்கு முன்னாடி" என்றாள். நான் "நவம்பர்" என்று எழுதிவிட்டேன். அவள் வாயிலிருந்து ஒரு தேதிகூட வரவில்லை. இரண்டு தேதிகளும் நான் போட்டவை. தாளில் பார்த்தால் பிள்ளை மாற்றி மாற்றிப் பேசியது போல இருந்தது. மேல் நடவடிக்கை இல்லை என்று கோப்பு மூடப்பட்டது. தலைவர் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, கேட்பவர்களிடமெல்லாம் காட்டினார். அதில் என் கையெழுத்தும் இருந்தது.

மூன்று வருடம் கழித்து இன்னொரு பிள்ளை. அந்தப் பிள்ளையின் அம்மா என்னிடம் வரவில்லை. என்னிடம் ஏன் வர வேண்டும்?

இதை இத்தனை நீளமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்னும் ஒவ்வொரு நிர்வாகமும் முதலில் கையில் எடுப்பது இந்த விசாரணையைத்தான். இந்தப் பழக்கம் தோட்டத்திலிருந்து வந்தது. அங்கே போலீஸ் என்றால் தூரம், ஆபீஸ் என்றால் பயம். கிராணியோ (தோட்டக் குமாஸ்தா) மண்டோரோ (மேஸ்திரி) கோவில் தலைவரோ முன்னால் நின்று பேசித் தீர்ப்பதுதான் வழக்கம். மாடு மேய்ந்த சண்டைக்கும் கூத்துப் பண (சீட்டு) கணக்குக்கும் அது சரி. குற்றத்துக்கு அது சரிவராது. பேசித் தீர்ப்பது என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. 14 வயதுப் பிள்ளை எதை விட்டுக்கொடுப்பாள்?

விசாரணை நடக்கும் நாள்களில் குற்றம் சாட்டப்பட்டவர் சும்மா இருப்பதில்லை. யார் யாரிடம் பேச வேண்டுமோ பேசுகிறார். அம்மாவுக்கு வேலை நின்றுபோகிறது. வாயை அடைக்க, வீட்டு வாசலில் சாமான் மூட்டை வந்து இறங்குகிறது. பிள்ளையோ ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்து வார்த்தையைக் குறைக்கிறாள். சிறார் சாட்சிச் சட்டம் 2007-லேயே வந்துவிட்டது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் காட்டவும், திரைக்குப் பின்னால் இருந்து அவள் சாட்சி சொல்லவும் அதில் வழி இருக்கிறது. பிள்ளையைத் திரும்பத் திரும்பப் பேச வைக்கக் கூடாது என்று சட்டமே இவ்வளவு பாடுபடுகிறது. அதற்கு முன்னாலேயே நாம் மூன்று முறை பேச வைத்துவிடுகிறோம்.

2017-ல் வந்த, சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் இன்னும் தெளிவானது. ஒரு பிள்ளையின் சாட்சியம் மட்டுமே இருந்தாலும் நீதிமன்றம் தண்டிக்கலாம் என்கிறது 18-ஆவது பிரிவு. அதனால் "ஆதாரம் திரட்டிவிட்டுப் போவோம்" என்று யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. இப்படி ஒரு குற்றம் தெரிந்தும் போலீசுக்குத் தகவல் கொடுக்காதவருக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் என்கிறது 19-ஆவது பிரிவு. நிர்வாகம் கூடி முடிவெடுக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று அதில் எங்கும் இல்லை. ஆசிரியர், பாதுகாவலர் போல நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் செய்த குற்றமென்றால், கூடுதலாக 5 வருடம் வரை சிறையும் குறைந்தது 2 பிரம்படியும் உண்டு.

படித்தவர்களும் பணமும் நிறைந்த இடங்களும் இதே தவறைச் செய்திருக்கின்றன. அமெரிக்காவின் ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்கு மருத்துவராக இருந்த லாரி நாசர் மேல் வந்த புகாரை, அவர் வேலை பார்த்த மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2014-ல் தானே விசாரித்து, தவறில்லை என்று முடித்தது. 2015 ஜூனில் விளையாட்டுச் சங்கத்துக்கே புகார் போனது. சங்கமும் முதலில் தன் பக்கத்திலிருந்து ஆள் வைத்து விசாரித்தது. எஃப்.பி.ஐ-க்குச் சொல்ல ஐந்து வாரம் ஆனது. 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் எழுந்து அவர் முன்னால் பேசினார்கள். 40 முதல் 175 வருடம் வரை சிறை.

சரி, விசாரிக்காமல் என்னதான் செய்வது? கேளுங்கள், கேள்வி கேட்காதீர்கள். பிள்ளை சொன்னதை அவள் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். "தீபாவளிக்கு முந்தின வாரம்" என்றால் அதையே எழுதுங்கள், தேதியாக மாற்றாதீர்கள். அண்மையில் நடந்ததென்றால் குளிக்க வைக்கவோ துணி துவைக்கவோ வேண்டாம். அரசாங்கப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர் இருக்கும், பரிசோதனை, போலீஸ், சமூக நலத்துறை எல்லாவற்றுக்கும் அங்கேயே ஏற்பாடு செய்வார்கள். எங்கே போவது என்றே புரியாவிட்டால் 15999-க்குப் போன் செய்யுங்கள், அது தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசாங்க உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள்.

"அவர் எவ்வளவு செய்திருக்கிறார்!"

கும்பாபிஷேகத்துக்குக் கூரை போட்டவர், ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுத்தவர். உண்மைதான், கொடுத்தார். ஆனால் அந்த நன்கொடைதான் அவரைப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குள் கேள்வியில்லாமல் அனுமதித்தது.

பிரிட்டனில் ஜிம்மி சாவில் என்று ஒரு தொலைக்காட்சிப் பிரபலம். ஒரு மருத்துவமனையின் முதுகுத்தண்டு சிகிச்சைப் பிரிவுக்காகக் கோடிக்கணக்கில் திரட்டிக் கொடுத்தவர். மருத்துவமனைகளுக்குள் இஷ்டம்போல நடமாடினார். 2009-ல் சர்ரே போலீஸ் அவரைக் கூப்பிட்டு விசாரித்தது, வழக்குப் போடவில்லை. 2011-ல் மரியாதையோடு இறந்தார். அதற்கு அடுத்த வருடம் விசாரணை தொடங்கியதும் சுமார் 450 பேர் முன்வந்தார்கள். 214 குற்றங்கள் பதிவாயின. ஒன்றுக்குக்கூட அவரைக் கூண்டில் ஏற்ற முடியவில்லை.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. ரிச்சர்ட் ஹக்கிள் என்ற பிரிட்டிஷ்காரர், ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன், படம் எடுக்கிறேன், உதவி செய்கிறேன் என்று கோலாலம்பூரில் ஏழைக் குடும்பங்களுக்குள் வருடக்கணக்கில் புழங்கியவர். 2016-ல் லண்டனில் 22 ஆயுள் தண்டனை பெற்றார். இங்கே 2017 சட்டம் வந்ததற்கு அந்த அதிர்ச்சியும் ஒரு காரணம்.

"இது ஒரே ஒரு புகார்தானே"

உங்கள் காதுக்கு வந்தது ஒன்று.

ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பேசுவது

வேண்டாம்.

சத்தமில்லாமல் விலக்கி வைப்பது

"உடல்நிலை காரணமாக" என்று ஒரு கடிதம் வாங்கி, மாலை போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் அவர் அடுத்த டவுனில் திருமுறை வகுப்பு நடத்துகிறார். அங்கே உள்ளவர்களுக்கு எதுவும் தெரியாது, ஏனென்றால் நாம் சொல்லவில்லை. பாஸ்டன் கத்தோலிக்க மறைமாவட்டம் ஜான் கேகன் என்ற பாதிரியாரை இப்படித்தான் ஒரு தேவாலயப் பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு, சுமார் முப்பது வருடம் மாற்றிக்கொண்டே இருந்தது. 2002-ல் பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தபோது புகார் சொன்னவர்கள் 130 பேருக்கும் மேல்.

ரிப்போர்ட் செய்தாச்சு, வேலை முடிந்தது என்று நினைப்பது

நாசர் விவகாரத்தில் எஃப்.பி.ஐ-க்குத் தகவல் போனது 2015 ஜூலையில். அடுத்த வருடம் செப்டம்பரில் ஒரு பத்திரிகை எழுதும்வரை அவர் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்த இடைவெளியில் ஏறக்குறைய 70 பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று அமெரிக்க நீதித்துறையின் தணிக்கை அறிக்கை 2021-ல் சொன்னது.

ரிப்போர்ட்டின் நகலையும் எண்ணையும் வாங்குங்கள். விசாரணை அதிகாரியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போன் செய்யுங்கள். உங்கள் டவுன் நிலையத்தில் அந்தப் பெரிய மனிதர் தினமும் தேத்தண்ணீர் குடிப்பவர் என்றால் அங்கே போக வேண்டாம். எந்தப் போலீஸ் நிலையத்திலும் ரிப்போர்ட் செய்யலாம். பாலியல், பெண்கள், சிறார் குற்றங்களுக்கென்று டி11 பிரிவு இருக்கிறது, அவர்களைக் கேளுங்கள். அம்மாவின் வேலை போனால் ஒரு மாத அரிசிக்கும் வாடகைக்கும் வழி செய்யுங்கள். பல குடும்பங்கள் புகாரை வாபஸ் வாங்குவது வாடகை கட்ட முடியாமல்தான்.

தலைவர் மேலேயே புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்று எழுதி வைக்காதது

அடுத்த பொதுக்கூட்டத்திலேயே எழுதி, நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

அந்தத் தம்பியிடம் வருகிறேன். சாயந்தரக் கூட்டத்தை ரத்து செய்யச் சொன்னேன். செய்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணே, முதல் நாள் எழுதின அஞ்சு பக்கம் இருக்கு. கிழிச்சுப் போட்டுரவா?" என்று கேட்டார். கிழிக்காதே, திருத்தாதே, அப்படியே கொண்டுபோய் விசாரணை அதிகாரியிடம் கொடு, எழுதியது நீதான் என்றும் சொல் என்றேன். அன்று மதியம் பிள்ளையையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு அவர் சுங்கைப் பட்டாணிக்கு வந்தார். நான் மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவரும் அவர் மனைவியும் ராத்திரி பதினொரு மணிவரை அங்கேயே இருந்தார்கள்.