வெளிமாநிலப் பதிவெண்ணும் உள்ளூர்ச் சாலையும்: வாகன வரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுட்கால வரி (பதிவின்போது ஒரே தடவையில் கட்டும் வாகன வரி) உயர்த்தப்பட்ட பிறகு, 10 முதல் 20 இலட்சம் ரூபாய் வரை விலையுள்ள காருக்கு 18 சதவீதமும், அதற்கு மேற்பட்ட விலைக்கு 20 சதவீதமும் வரியாகச் செலுத்த வேண்டியுள்ளது. 15 இலட்சம் ரூபாய்க் காருக்கு வரி மட்டுமே 2,70,000 ரூபாய் என்னும்போது, வரி குறைவான புதுச்சேரியில் ஒரு வாடகை ஒப்பந்தம் தயாரித்து அந்த முகவரியில் பதிந்துவிடலாம் என்று இடைத்தரகர் சொல்லும் யோசனைக்குப் பலர் இணங்கிவிடுகிறார்கள். தவிர்க்க வேண்டிய தவறுகளில் இதுவே மிகப் பெரியது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, உரிமையாளர் வசிக்கும் மாநிலத்தில், அல்லது வாகனம் வழக்கமாக நிறுத்தி வைக்கப்படும் அவருடைய தொழிலிடம் உள்ள மாநிலத்தில்தான் பதிவு நடக்க வேண்டும். பொய்யான ஆவணம் காட்டிப் பெற்ற பதிவை 55ஆம் பிரிவின்கீழ் இரத்து செய்யலாம்; போலி ஆவணம் தயாரித்ததற்கான குற்ற வழக்கு தனியாக வரும். 2017இல் கேரளத்தில் திரைத்துறையினர் உள்ளிட்ட சொகுசுக் கார் உரிமையாளர்கள் சிலர் புதுச்சேரி முகவரி தொடர்பாகக் காவல்துறை விசாரணையைச் சந்தித்தார்கள். வரியைப் பிறகு கட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ணுவது சரியன்று, ஏனெனில் வரிப் பாக்கியும் ஆவண மோசடியும் வெவ்வேறு விவகாரங்கள்.

ஏய்க்கும் எண்ணமே இல்லாதவர்கள் சிக்குவது பணிமாறுதலின்போது. பெங்களூருவில் ஆயுட்கால வரி கட்டியாயிற்று, இனி நாடு முழுவதும் ஓட்டலாம் என்று நினைத்துக் கோவையில் ஆண்டுக்கணக்கில் அதே பதிவெண்ணுடன் ஓட்டுகிறார்கள். வாகன வரி அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆகவே ஒரு மாநிலத்தில் கட்டிய வரி மற்றொன்றில் செல்லாது. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வாகனத்தை வைத்திருந்தால், 47ஆம் பிரிவின்படி புதிய பதிவெண் பெற வேண்டும். இந்த 12 மாதம் பதிவெண்ணுக்கான கெடுவே தவிர வரிக்கான சலுகைக் காலம் அன்று என்பதால், குடிவந்த உடனேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது. பழைய மாநிலத்திலிருந்து தடையின்மைச் சான்று பெற்று, வாகனத்தின் வயதுக்கேற்ற வரியை இங்கே கட்டிய பின், எஞ்சிய காலத்துக்கான தொகையை அங்கே திரும்பக் கேட்கலாம். அந்தத் தொகை எளிதில் கைக்கு வராமல் அலைய வேண்டியிருப்பதே பலர் மறுபதிவைத் தள்ளிப்போடக் காரணம். வசூலில் காட்டும் வேகத்தை அரசுகள் திருப்பித் தருவதிலும் காட்டினால் இந்த வகை மீறல் பெருமளவு குறையும். அடிக்கடி மாறுதலாகும் அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் 2021இல் வந்த, மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத பி.எச். (பாரத்) வரிசைப் பதிவைத் தேர்ந்தெடுத்தால், இரண்டிரண்டு ஆண்டுகளுக்கு வரி கட்டினால் போதும்.

பழைய வாகனம் வாங்குபவர்கள் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கிறார்கள், வரிப் பாக்கியைப் பார்ப்பதில்லை. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வரி எதுவரை கட்டப்பட்டுள்ளது என்று தெரிந்துகொண்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும். விற்பவரும் பெயர் மாற்றம் முடிந்ததை உறுதிசெய்ய வேண்டும். பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விடுவதும் வரி ஏய்ப்புதான். இதில் அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து, விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்கலாம் என்பது. வணிக வாகனங்களைப் பொறுத்தவரை, நாகாலாந்து போன்ற தொலைதூர மாநிலங்களில் பதிந்துவிட்டுச் சுற்றுலா அனுமதியுடன் தமிழ்நாட்டுக்குள் தினசரி பேருந்தாக ஓட்டிய ஆம்னி பேருந்துகள்மீது 2024 ஜூனில் போக்குவரத்துத் துறை நடவடிக்கை எடுத்தது. காலாண்டு வரி கட்டும் வண்டி பழுதாகி நின்றால், ஓடாத காலத்துக்கு வரி வராது என்று உரிமையாளரே முடிவுசெய்துகொள்ளக் கூடாது. வண்டியை நிறுத்தி வைப்பதை அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுத்துமூலம் தெரிவித்து, அதற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.