வானிலை படிக்க எந்தப் பட்டம்? புவியியலில் ஒரு வருஷம் போய்த் திரும்பியவன் சொல்லும் வழி

காங்கேயம் பக்கம் எங்களுக்குத் தேங்காய்ப் பருப்பு (கொப்பரை) காயவைக்கும் களம் இருக்கிறது. தேங்காயை உடைத்துக் காயப்போட்டால் நாலைந்து நாள் வெயில் விடாமல் அடிக்கணும். நடுவில் ஒரு தூறல் பட்டாலும் பருப்பில் பூஞ்சை பூத்துவிடும், விலை பாதியாக இறங்கிவிடும். மேற்கே கறுத்தால் ஆத்தா என்னைத்தான் கேட்கும்: "ஏஞ்சாமி, தார்ப்பாய இழுக்கட்டுமா, வேண்டாமா?" அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லத்தான் வானிலை படிக்கக் கிளம்பினேன். நான் வழி தவறிய இடத்தில் நீங்களும் தவறக்கூடாது என்று இதை எழுதுகிறேன்.

முதல் படி: பிளஸ் ஒன்னில் கணக்கு இருக்கும் குரூப்

பயாலஜியோ கம்ப்யூட்டர் சயின்ஸோ, எது சேர்ந்தாலும் சரி. இயற்பியலும் கணக்கும் இருக்கணும், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: இளநிலையில் பி.எஸ்சி. இயற்பியல்

நான் சறுக்கியது இங்கேதான். பள்ளிக்கூடத்தில் பருவமழை, புயல் எல்லாம் புவியியல் புத்தகத்தில்தானே வருகிறது? அதனால் பி.ஏ. புவியியலில் சேர்ந்தேன். கல்லூரியில் கேட்டபோதும் "இதுதான் தம்பி அதுக்கு வழி" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம் முடிந்த பிறகுதான் எம்.எஸ்சி. வானிலையியல் விண்ணப்பம் ஒன்றை எடுத்துப் படித்தேன். பட்டப்படிப்பில் இயற்பியலும் கணக்கும் படித்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. விட்டுவிட்டு இயற்பியலில் முதல் வருஷத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

வித்தியாசம் என்னவென்று நம்ம ஊரை வைத்தே சொல்கிறேன். தென்மேற்குக் காற்று கேரளப் பக்கம் மலையேறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. வால்பாறை மலையிலிருக்கும் சின்னக்கல்லாறு நனைந்துகொண்டே இருக்க, காங்கேயம் காய்ந்து கிடக்கிறது. புவியியல் இதற்கு 'மழை மறைவுப் பகுதி' என்று பெயர் சொல்லும். இயற்பியல் கணக்குப் போடும்: மலையைத் தாண்டி இறங்கி வரும் காற்று அழுத்தத்தால் சூடாகிறது, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி. சூடேறிய காற்றில் மேகம் நிற்காமல் கரைந்துபோகிறது. எத்தனை உயரத்திலிருந்து இறங்கினால் எத்தனை டிகிரி ஏறும், மேகம் எங்கே கரையும் என்று தாளில் போட்டுப் பார்க்க முடிந்தால்தான் நாளைய வானத்தைச் சொல்ல முடியும். புவியியல் நல்ல படிப்புதான், ஆனால் வானிலைக் கணிப்பாளர் ஆக அது மட்டும் பத்தாது.

இந்தியாவின் வானிலைக் கருவிகளை உருவாக்கியதில் பெரும் பங்கு வகித்த அன்னா மணியும் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் படித்தவர். 1948இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார்.

துணைப்பாடமாகக் கணக்கு இருக்கிறதா என்று சேரும் முன்பே பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். வகைக்கெழுச் சமன்பாடு, திசையன் நுண்கணிதம், வெப்ப இயக்கவியல், இந்த மூன்றிலும் கை நன்றாகப் பழகணும்.

மூன்றாம் படி: முதுநிலை

நமக்குப் பக்கம் கொச்சிப் பல்கலைக்கழகம், குசாட். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும், ரயிலில் போய் வந்துவிடலாம். விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. பொறியியல் முடித்தவர்கள் கேட் (GATE) என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி டில்லி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். போகலாம். கேட்டில் வளிமண்டல, கடல் அறிவியலுக்கென்றே தனிப் பகுதி உண்டு.

படிக்கும்போதே செய்ய வேண்டியது

கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டு, பைத்தான் என்ற நிரல்மொழியைப் பழகுங்கள். ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழி பிறகு வரட்டும், முதலில் அதைத் தொட்டால் பயந்துவிடுவீர்கள். வானிலைச் செயலிகளை விட ஒரு நோட்டுப் புத்தகம் மேல் என்பேன். நேரான சுவருள்ள ஒரு டப்பாவை மொட்டை மாடியில் வைத்து, தினமும் காலை 8:30க்கு ஸ்கேலால் மழையை அளந்து எழுதுங்கள். வானிலைத் துறை அளப்பதும் அதே 8:30க்குத்தான், ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். களத்துக்கு எத்தனை குடம் விழுந்தது என்று ஆத்தாவுக்கே கணக்குச் சொல்வேன்.

வேலை

அரசு வேலை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைப் பாருங்கள். நாளைக்கு எவ்வளவு மின்சாரம் வரும் என்று 15 நிமிடத்துக்கு ஒன்றாக, நாளுக்கு 96 துண்டாகக் கணித்துக் கொடுக்கணும். ஆடிக்காற்று கணவாயில் நெருக்கிக்கொண்டு வேகமெடுத்து வரும் நம்ம ஊரில், அதைப் புரிந்தவர்களுக்கு மதிப்பு உண்டு.

பின்சேர்க்கை 1: கோபியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டாங்க, "அண்ணா, நான் பி.எஸ்சி. அக்ரி, எனக்கு வழி இல்லையா?" இருக்குங்க. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் வானிலையியலில் எம்.எஸ்சி. இருக்கிறது. செவ்வாய், வெள்ளிகளில் விவசாயிகளுக்கு வரும் வானிலை அறிவுரை அந்தத் துறைக்காரர்களின் வேலை. பயிரும் தெரிந்து காற்றும் தெரிந்த ஆள் கொங்கு நாட்டுக்கு ரொம்பத் தேவை.

பின்சேர்க்கை 2: பிளஸ் டூவில் கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் எடுத்து, பிறகு கல்லூரியில் இயற்பியல் படித்த ஒருவர் மாட்டிக்கொண்டார். இந்திய வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் வேலைக்கு 2022இல் எஸ்.எஸ்.சி. (மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம்) விட்ட அறிவிக்கையில், பட்டத்தோடு பிளஸ் டூவிலும் இயற்பியல், கணக்கு இரண்டும் கேட்டிருந்தார்கள். பட்டத்தில் முதல் வகுப்பும் வேண்டும். அதனால்தான் முதல் படியில் கணக்கு என்று எழுதியிருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால், ஜூன் மாதம் குரூப் எழுதிக் கொடுக்கும் முன்பே அந்த ஒரு வரியைக் காட்டிவிடுங்கள்.