இடது காதில் தமிழ், வலது காதில் தெலுங்கு: ஒரு மொழியை மட்டும் பிரிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பர்மா பஜாரில் வாங்கி அட்டைப்பெட்டியில் போட்டுவைத்த பழைய விசிடிகளில் சில, ஒரே நேரத்தில் இரண்டு மொழி பேசும். வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் தமிழும் தெலுங்கும் சேர்ந்தே புழங்கும் வீடுகளில் இரண்டும் வேண்டும்தான், ஆனால் ஒரே சமயத்தில் இல்லை.

முதல் தவறு, வகை தெரியாமல் கை வைப்பது. விஎல்சி பிளேயரில் ஆடியோ மெனுவைத் திறந்து ஆடியோ டிராக்கைப் பாருங்கள். இரண்டு டிராக் இருந்தால் மொழிகள் தனித்தனியாகவே இருக்கின்றன. ஒன்றுதான் இருக்கிறதென்றால் இயர்போன் மாட்டிக் கேளுங்கள். காதுக்கொரு மொழி கேட்டால் இடது, வலது சேனல்களில் பிரித்து வைத்திருக்கிறார்கள். பார்க்க மட்டும்தான் என்றால் ஸ்டீரியோ மோடை லெஃப்ட் அல்லது ரைட் என்று மாற்றினாலே போதும்.

திருத்தவே முடியாத தவறு, சேனல்களை மோனோவாக, அதாவது ஒரே சேனலாக, கலந்துவிடுவது. கலந்த பிறகு எந்த மென்பொருளும் சுத்தமாகப் பிரித்துத் தராது. பென் டிரைவில் ஏற்றித் தரும் கடையில், "மோனோ ஆக்காதீங்கண்ணா, ஸ்டீரியோவாவே விடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குறைந்த பிட்ரேட் எம்பி3யும் வேண்டாம். அது ஜாயின்ட் ஸ்டீரியோ முறையில் இரண்டு சேனலையும் சேர்த்துச் சுருக்குவதால், தமிழுக்கு அடியில் தெலுங்கு முணுமுணுக்கும். பிரிக்கும்வரை சுருக்காத வேவ் கோப்பாக வையுங்கள்; நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும், ஆகட்டும். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுத்து, வேண்டாத டிராக்கை நீக்கினால் மீதி மொழி இரண்டு காதிலும் கேட்கும்.

பாட்டிலிருந்து குரலை நீக்கும் கருவி இங்கே உதவாது. அது குரலையும் இசையையும் பிரிக்கும். அதற்கு மொழி தெரியாது.

தனித்தனி டிராக் உள்ள எம்கேவி வீடியோ கோப்பை மறுபடி கன்வெர்ட் செய்வது வீண்வேலை. எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் வேண்டாத டிராக்கின் டிக்கை எடுத்துவிட்டு மல்டிபிளெக்ஸ் செய்தால் (மீதி டிராக்குகளை அப்படியே புதுக் கோப்பாகச் சேர்த்தால்) தரம் துளியும் குறையாது. கட்டளை தட்டச்சு செய்து இயக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். அது 0-விலிருந்து எண்ணும், ஆகவே இரண்டாவது ஆடியோவின் எண் 1. டிராக்கைக் குறிப்பிடாவிட்டால், கோப்பில் டிஃபால்ட் என்று குறித்தது இருந்தால் அதையும், இல்லையென்றால் அதிக சேனல் உள்ளதையும் அதுவே எடுத்துக்கொள்ளும்; அப்படிக் குறி இல்லாமல், தமிழ் ஸ்டீரியோவாகவும் தெலுங்கு 5.1 ஆகவும் (ஆறு சேனல்) இருந்தால் கைக்கு வருவது தெலுங்கு.

ஆடியோவை மட்டும் தனியாக உருவினால் அதன் டிலே (படத்தோடு ஒப்பிட்டால் ஒலி தொடங்கும் நேர வித்தியாசம்) தொலைந்து உதடும் பேச்சும் ஒட்டாமல் போகலாம். கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் அந்த மில்லிசெகண்ட் கணக்கை முன்பே குறித்துவையுங்கள்.

டிராக்கின் பெயரை நம்பி அழிக்காதீர்கள். டைட்டில் இசை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். வசனம் வரும் இடத்தில், தொடக்கம், நடு, கடைசி என மூன்று முறை கேளுங்கள். இரண்டாம் டிஸ்க்கில் இடது வலது மாறியிருக்கவும் கூடும்.