பையைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு

விவசாயிங்க நேரடியா விக்கிற சந்தைக்கு போறீங்கன்னா கடை விரிக்கிற நேரத்துக்கே போயிடுங்க, போன உடனே வாங்காம ஒரு ரவுண்டு சுத்திட்டு அப்புறம் பையைத் திறங்க. "இது எப்ப பறிச்சது?"ன்னு கேளுங்க, தானே விளைவிச்சவர் டக்குனு சொல்லிடுவார், வாங்கி விக்கிறவர் கொஞ்சம் முழிப்பார். தக்காளியை காம்புப் பக்கம் மோந்து பாருங்க, வாசனை வந்தாதான் ருசி, வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ்ல தள்ளிடாதீங்க, 12 டிகிரிக்குக் கீழ கிடந்தா அந்த மணம் குறைஞ்சிடும் (நானும் ரொம்ப நாள் இந்தத் தப்பைப் பண்ணிட்டுதான் இருந்தேன்).

ஹோட்டல்ல மெனு கார்டை மூடிட்டு இன்னைக்கு என்ன ஃப்ரெஷ்ஷா வந்துச்சுன்னு கேளுங்க. நாலஞ்சு பேரா டேஸ்டிங் போனா ஆளுக்கொரு ஐட்டம் சொல்லி பங்கு போட்டுக்கங்க, காரமில்லாததுல ஆரம்பிங்க, முதல்லயே நாக்கு எரிஞ்சா மத்ததெல்லாம் வேஸ்ட்டுங்க.