விடிகாலை நாலரைக்கு எழுப்பும் பூனையை ஆறு மணிவரை தூங்க வைப்பது எப்படி?

வளர்ந்த பூனை ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். குட்டியும் கிழப்பூனையும் இன்னும் கூடுதலாகத் தூங்கும். ஆனால் நம்மைப் போல ஒரே இழுப்பாக அல்ல, துண்டுதுண்டாக. அதிலும் பாதிக்கு மேல் காதைத் திருப்பிக்கொண்டே கிடக்கும் கோழித் தூக்கம்தான். பொழுது விடியும்போதும் சாயும்போதும் அதற்கு வேட்டை வேகம் வரும். வேலூர்ப் பக்கம் அந்த நேரத்தில் சுபுஹு பாங்கும், பால் வண்டியும், வாசல் தெளிக்கும் சத்தமும் சேர்ந்துகொள்ள, பூனை உங்கள் கால்கட்டைவிரலைக் கடிக்கிறது.

காலையைத் திருத்த முந்தின ராத்திரியில்தான் கை வைக்க வேண்டும். பத்தரைக்குப் படுப்பவர் ஒன்பதே முக்காலுக்கு ஆட்டத்தைத் தொடங்கலாம். மூன்றடிக் குச்சி, அதன் நுனியில் நூல்கயிறு, கயிற்று முனையில் ஒரு துணித்துண்டு போதும். துணியைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள். எந்த எலியும் பூனையைத் தேடி வராது. தரையோடு ஒட்டி, அதைவிட்டு விலகி ஓடுகிற மாதிரி இழுங்கள். பீரோ மூலையில் பாதி மறைத்து இரண்டு நொடி நிறுத்தி, நுனியை மட்டும் அசையுங்கள். பூனை பதுங்கிப் பின்பக்கத்தை ஆட்டினால் ஆட்டம் சரியாகப் போகிறது. 10 முதல் 15 நிமிடம் போதும். கடைசி இரண்டு நிமிடம் வேகத்தைக் குறைத்து, அது பிடித்துக் கவ்வட்டும். பிடிபடாமலே முடித்தால் வெறி அடங்காமல் நடமாடுகிறவர் காலை விரட்டும். லேசர் விளக்கு வேண்டாம் என்பதும் இதனால்தான்: அதில் பிடிக்க ஒன்றுமே இல்லை. முடிந்ததும் கயிற்றை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும்.

ஐந்து பத்து நிமிடத்தில் சாப்பாடு. வேட்டை, தீனி, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது, தூக்கம் என்பதுதான் பூனையின் வரிசை. நாலு கிலோ பூனைக்கு உலர்தீனி மட்டும் கொடுப்பதானால் நாளுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 கிராம் ஆகும். அதில் பெரிய பங்கை, 25 கிராம் போல, ராத்திரிக்கு ஒதுக்குங்கள். ராத்திரிப் பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது, வயிறு கலங்கி மூன்று மணிக்கே எழுந்துவிடும். ஆம்பூர் பிரியாணியின் மிச்சமும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும், வெந்த எலும்பு தொண்டையைக் கிழிக்கும்.

அடுத்து விடிகாலை. கத்தினால் எழாதீர்கள், திட்டாதீர்கள், புரண்டு பார்க்கவும் வேண்டாம். திட்டும் அதற்குக் கவனிப்புதான். முதல் சில நாள் கத்தல் கூடும், பலர் தோற்பது இங்கேதான். நாலாம் நாள் மனமிரங்கித் தட்டை வைத்தால், முக்கால் மணி நேரம் கத்தினால் சோறு கிடைக்கும் என்று அது படித்துக்கொள்ளும். எழுந்த உடனேயும் போடாதீர்கள். பல் தேய்த்து, கோலம் போட்டு, காப்பி குடித்து, அரை மணி கழித்துப் போடுங்கள். நீங்கள் கண் விழிப்பதற்கும் தட்டுக்கும் உள்ள முடிச்சு அவிழ்ந்தால்தான் உங்களை எழுப்புவதை விடும். ஏற்கெனவே ஐந்து மணிச் சாப்பாட்டுக்குப் பழகியிருந்தால் மூன்று நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் தள்ளிக்கொண்டே வாருங்கள்.

ராணிப்பேட்டை, வாணியம்பாடிக் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் மாறி மாறிப் போகும் வீட்டில், ஒரு வேளையை மட்டுமாவது கடிகாரத்தோடு கட்டிவிட வேண்டும். மாலை ஏழு மணித் தட்டை வீட்டில் இருப்பவர் யாரானாலும் வைக்கட்டும்.

கத்திரி வெயிலில் இந்த ஒழுங்கு கொஞ்சம் குலையும். வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் பூனை மெத்தையை விட்டுக் குளியலறைத் தரையிலும் தண்ணீர்ப் பானை ஓரத்திலும் நீட்டிப் படுக்கும். அந்தக் கதவைத் திறந்தே வையுங்கள், தகரக் கூரை அறையில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். அகலமான மண்சட்டியில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் வேண்டும். நாய் போல வாயைத் திறந்து இளைத்தால் அது ஆபத்து. ஈரத் துணியால் வயிற்றையும் பாதங்களையும் நனைத்து, மின்விசிறிக் காற்றில் வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மார்கழியில் நேர்மாறு: சூட்டைத் தேடிக் கார் பானெட்டுக்குள் புகுந்து தூங்கும். வண்டியை எடுக்குமுன் இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

தூக்கத்தில் மீசையும் பாதமும் துடிப்பது கனவுத் தூக்கம், எழுப்ப வேண்டாம். மூச்சை மட்டும் அவ்வப்போது எண்ணிப் பாருங்கள். அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் 30-க்குள் வர வேண்டும். குளிர்ந்த இடத்தில் படுத்திருந்தும் 40-ஐத் தாண்டுகிறது, அடுத்தமுறை எண்ணினாலும் அப்படியே இருக்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.