சாயங்கால டென்ஷனைக் குறைக்க நான் செய்வது, படிப்படியாக (மூச்சில் நான் செய்த தவறும் சேர்த்து)

ஒவ்வொரு மாதமும் 11, 20 தேதிகள் நெருங்கினாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். நாகர்கோவிலில் ஒரு கணக்கு ஆபீசில் வேலை, ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு அவை கடைசி நாட்கள். அதை முடித்து வடசேரியில் பஸ் பிடித்து, நின்றுகொண்டே தக்கலை வந்து இறங்கும்போது கழுத்தும் தோளும் கல்லாகியிருக்கும். போன வருஷம் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணி ஆகியும் படபடப்பு நிற்கவில்லை. மறுநாள் ஈசிஜி எடுத்துப் பார்த்தோம். இதயத்தில் ஒன்றும் இல்லை, டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த 'எப்படி'யைத்தான் ஏழெட்டு மாதம் செய்து பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். மனசைச் சமாதானப்படுத்தினால் உடம்பு தானாக அடங்கும் என்று நினைத்து நிறைய நாள் வீணாக்கினேன். எனக்கு வேலை செய்தது நேர்மாறான வழி. வழியில் பாம்பைக் கண்டால் சுரக்கிற அதே அட்ரினலின்தான் ஆபீஸ் போன் அடித்தாலும் சுரக்கிறது. பாம்பைக் கண்டால் ஓடுவோம், ஆபீசில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறோம். ஓடத் தயாரான உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு மனசிடம் நியாயம் பேசிப் பயனில்லை. அதனால் உடம்பு முதலில், மனசு அப்புறம்.

படி 1: நடை

வீட்டுக்கு வந்ததும் பையை வைத்துவிட்டு, உட்காராமல் நடக்கக் கிளம்புங்கள். உட்கார்ந்தால் போச்சு. நான் சானல் (பாசனக் கால்வாய்) கரையில் 30 நிமிடம் நடக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம், உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற குறைந்தபட்ச அளவும் அதுதான். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் போதும். நடக்கும்போது போன் வீட்டிலேயே இருக்கட்டும். நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்பதால் மழைநாளுக்கு ஒரு மாற்று வழி வேண்டும். நான் மொட்டைமாடிப் படிக்கட்டில் பத்து நிமிடம் ஏறி இறங்குகிறேன்.

படி 2: மூச்சு (இங்கேதான் நான் தடுக்கினேன்)

'ஆழமாக மூச்சு இழுங்கள்' என்று எல்லாரும் சொல்வதைக் கேட்டு, நெஞ்சு புடைக்க இழுத்து இழுத்துப் பார்த்தேன். மூன்றாவது நிமிடம் தலை சுற்றியது, விரல் நுனிகள் மரத்தன, படபடப்பு கூடிவிட்டது. எனக்கு இது ஒத்துவராது என்று இரண்டு மாதம் விட்டேவிட்டேன். ஒரு நாள் மறுபடி திண்ணையில் உட்கார்ந்து முயற்சி செய்ததை அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மக்களே, இழுத்துகிட்டே இருக்கியே, விடாண்டாமா?" என்றாள்.

விஷயமே அதுதான். தேவைக்கு மேல் வேகமாக, நிறைய மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துபோகும், தலைசுற்றலும் மரத்துப்போவதும் அதனால் வருபவை. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். அதனால் விடுகிற நேரத்தைத்தான் நீட்டவேண்டும்.

செய்யும் முறை: முதுகைச் சாய்த்து உட்கார்ந்து ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கு வழியாக, சாதாரணமாக இழுக்கிற அளவே இழுங்கள், மனதுக்குள் நாலு எண்ணும் வரை. வயிறு கையைத் தள்ளவேண்டும், தோள் உயரக்கூடாது. அப்புறம் ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இடையில் அடக்கி வைக்க வேண்டாம். ஆறு கஷ்டமாக இருந்தால் மூன்று இழுத்து நாலு விடுங்கள், ஒரு வாரத்தில் தானாக நீளும்.

இதற்கு மணியடிக்கிற ஆப் எல்லாம் வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம், மூச்சுக்காகப் போனை எடுத்தால் முதலில் கண்ணில் படுவது ஆபீஸ் வாட்ஸாப்தான். இன்னொரு கையின் கட்டைவிரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களை எண்ணுங்கள், ஒரு மூச்சுக்கு ஒரு கணு. மொத்தம் 12. ஒரு சுற்று முடிந்தால் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். நான் மூன்று சுற்று செய்வேன். பஸ்ஸில் இடம் கிடைத்தால் அங்கேயே ஒரு சுற்று, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

படி 3: நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று, பால்பாயின்ட் பேனா ஒன்று. பக்கத்தின் நடுவில் கோடு போட்டு இடதுபக்கம் நாளை நான் செய்யக்கூடியவை, வலதுபக்கம் என் கையில் இல்லாதவை. பார்ட்டி (வாடிக்கையாளர்) பில் அனுப்பாதது வலதுபக்கம், நாளை பத்து மணிக்கு அவரைக் கூப்பிடுவது இடதுபக்கம். எழுதிவிட்டு நோட்டை மூடி வைத்துவிடுங்கள், திரும்பப் படிக்க வேண்டாம்.

படி 4: சாயா

இதைச் சொன்னால் நம் ஊரில் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். நாலு மணிக்கு மேல் கட்டன் சாயா (பால் விடாத டீ) வேண்டாம். சாயாவில் தூக்கத்தை விரட்டுவது காஃபீன், குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஆறு மணிக்குக் குடித்தால் பதினொரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். நான் காப்பித்தூள் போடாமல் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் கொதிக்கவைத்துக் குடிக்கிறேன். மல்லியைக் கொஞ்சம் வறுத்துப் பொடித்தால் மணமே வேறு.

சேர்த்தது: ரப்பர் பால் வெட்டப் போகிற ஒருவர், விடியும் முன்னே எழுந்து எட்டு மணிக்கே படுக்கிறவனுக்கு உங்கள் நேரக்கணக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மணியைப் பார்க்காதீர்கள், வேலை முடிகிற நேரத்திலிருந்து தொடங்குங்கள், சாயாவைத் தூக்கத்துக்கு ஏழெட்டு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள்.

இன்னொன்று: சளி பிடித்து மூக்கடைத்தால் என்ன செய்வது என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். வாய் வழியாக மெதுவாக இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் ஆட்டுவதுபோல உதட்டைக் குவித்து விடுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மார்பு வலி, கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீர் வியர்வை வந்தால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு உட்காராதீர்கள், உடனே 108. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் தனியாக வைத்துக்கொண்டு போராட வேண்டாம். 14416, அரசின் மனநல உதவி எண் (டெலி மானஸ்), இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.