சால்ஸ்பர்க் கார்டை மதியம் தொடங்குங்கள்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கைத் தனியாகச் சுற்றிவிட்டு, ஏரிக்கரை ஊரான ஹால்ஸ்டாட் போகிறீர்களா? நகரின் முக்கிய இடங்களுக்கும் பேருந்துகளுக்கும் தனிச்சீட்டு இல்லாமல் போக உதவும் 24 மணி நேர சால்ஸ்பர்க் கார்டு வாங்கி, அதைக் காலையில் தொடங்காமல் மதியம் தொடங்குங்கள்.

இந்தக் கார்டுக்குத் தேதி கணக்கில்லை, மணிக்கணக்குதான். முதல் தடவை காட்டும் நேரத்திலிருந்து கடிகாரம் ஓடும். அதனால் முதல் நாள் மதியம் ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டை (மேலே ஏற்றிச் செல்லும் இழுவை ரயிலும் சேர்த்தி), மோட்சார்ட் பிறந்த வீடு. மறுநாள் காலையிலேயே 25ஆம் எண் பேருந்தில் போய் உண்டர்ஸ்பெர்க் மலைக்கு ஏறும் கேபிள் கார். ஒரே கார்டில் இரண்டு அரைநாள். என்னைக் கேட்டால் அந்தக் கேபிள் கார் ஒன்றுக்காகவே கார்டு வாங்கலாம். இறங்கி வந்து அப்படியே ஹால்ஸ்டாட் கிளம்பிவிடலாம்.

ஆனால் ஹால்ஸ்டாட் பயணத்துக்கு இந்தக் கார்டு செல்லாது. ரயிலுக்கும், நிலையத்திலிருந்து ஏரியைக் கடக்கும் படகுக்கும் தனிக்கட்டணம். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பராமரிப்புக்காகக் கேபிள் காரைச் சில நாட்கள் நிறுத்துவார்கள், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மிராபெல் தோட்டம், பழைய நகரத் தெருக்கள் என்று நடந்து பார்ப்பது மட்டும் போதுமென்றால் கார்டே வேண்டாம், அவை இலவசம்தான்.